‘கேஸ்தான்’ என்று எழுதும் முன்: அவசரப் பிரிவுக்குப் புதியவர்களுக்கான வயிற்றுவலி வழிகாட்டி

இரவு பதினொரு மணிக்கு நெஞ்சுக்குழியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர், “கேஸ் டிரபிள் சார், ஒரு ஊசி போட்டா சரியாயிடும்” என்று நோயையும் மருந்தையும் தானே சொல்லிவிடுவார். கூட வந்தவர்கள் அதற்குள் சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்துப் பார்த்திருப்பார்கள். அமிலத்தைக் குறைக்கப் பான்டோபிரசோல் ஒன்று, வாந்திக்கு ஒன்டான்செட்ரான் ஒன்று என்று எழுதி அனுப்ப இரண்டு நிமிடம் போதும். கேஷுவாலிட்டியில் நடக்கும் பெரிய தவறுகள் பலவும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் நடக்கின்றன. மாரடைப்பு, கருக்குழாய் வெடிப்பு, குடல் ஓட்டை, கட்டுவிரியன் கடி என எல்லாமே முதலில் ‘கேஸ்’ என்ற பெயரில்தான் உள்ளே வருகின்றன.

இது ஹவுஸ் சர்ஜன்களுக்கும், அவசரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த செவிலியர்களுக்கும் எழுதப்படுகிறது. வலிக்கு என்ன பெயர் என்று தேடுவதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். இவர் அடுத்த ஒரு மணி நேரத்தில் சரிந்துவிடுவாரா? அறுவை அரங்குக்குப் போக வேண்டியவரா? இந்த இரண்டுக்கும் முதலில் பதில் வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம்

படுத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். முழங்காலை மடக்கி, அசையாமல், மேலோட்டமாக மூச்சுவிட்டுக்கொண்டு கிடப்பவருக்குப் பெரிட்டோனியத்தில் (வயிற்றின் உட்புறத்தைச் சுற்றியுள்ள சவ்வு) அழற்சி இருக்கலாம். ஸ்ட்ரெச்சர் வாசல்படியில் ஏறி இறங்கும்போதே முகம் சுளிப்பார். ஒரு நிலையில் இருக்க முடியாமல் புரள்பவர், எழுந்து நடந்து மீண்டும் படுப்பவர் என்றால் சிறுநீரகக் கல் போன்ற குழாய் அடைப்பு வலியை நினைக்கலாம். வெளிறி, வியர்த்து, கைகால் சில்லிட்டு இருப்பவர் நேராகச் சிவப்புப் பகுதிக்கு (உயிராபத்தில் இருப்பவர்களுக்கான இடம்) போக வேண்டும். அவருடைய கதையைச் சிகிச்சை தொடங்கியபடியே கேட்டுக்கொள்ளலாம்.

பல்ஸ், பிபி, காய்ச்சல், ஆக்சிஜன், மூச்சு எண்ணிக்கை, விரல்நுனி சர்க்கரை ஆறையும் எடுங்கள். இவற்றில் மூச்சு எண்ணிக்கையைத்தான் யாரும் எண்ணுவதில்லை. எல்லோருக்கும் 20 என்று எழுதிவிடுகிறார்கள். முழுதாக அரை நிமிடம் மார்பைப் பார்த்து எண்ணுங்கள். 22-க்கு மேல் போனால் ரத்தத்தில் அமிலம் ஏறுகிறதா, சீழ்த்தொற்று பரவுகிறதா, நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியாவா என்று யோசிக்க வேண்டும்.

பிபி 110 இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். ஆரோக்கியமான இளம் உடல் ரத்தத்தில் கால் பங்கை இழந்தும் பிபியைத் தாக்குப்பிடிக்கும். பல்ஸ்தான் முதலில் ஏறும். பல்ஸை மேல் பிபியால் வகுத்துப் பாருங்கள். பல்ஸ் 110, மேல் பிபி 100 என்றால் 1.1. இது 0.9-ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும். இதயத்துடிப்பைக் குறைக்கும் அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போடுகிறவர்களுக்குப் பல்ஸ் ஏறாது என்பதால் மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எப்போதும் 160 பிபியில் இருப்பவருக்கு 110 என்பதே இறக்கம்தான்.

நிலை மோசம் என்றால் இரண்டு கையிலும் முழங்கை மடிப்பில் பச்சை நிற 18 கேஜ் அல்லது சாம்பல் நிற 16 கேஜ் கேனுலா (நரம்பில் போடும் ஊசிக்குழாய்) போடுங்கள். இளஞ்சிவப்பு 20 வழியாக வேகமாகத் திரவம் ஏற்ற முடியாது. கேனுலா போடும்போதே ரத்தம் எடுத்துவிடுங்கள்: ஹீமோகுளோபின், வெள்ளணுக்கள், கிரியாட்டினின், சோடியம் பொட்டாசியம், கல்லீரல் சோதனை, அமிலேஸ் அல்லது லைபேஸ், கூடவே குரூப்பிங், கிராஸ் மேட்சிங். ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் திரவம்) 500 மில்லியை 15 நிமிடத்தில் ஏற்றிவிட்டு மறுபடி பல்ஸ், பிபி பாருங்கள். உள்ளே ரத்தம் கசிகிறது என்ற சந்தேகம் இருந்தால் லிட்டர் லிட்டராக ஊற்றக் கூடாது. ரத்தத்தை உறையவைக்கும் பொருள்கள் நீர்த்துப்போகும், பிபி ஏற ஏற அடைபட்டிருந்த இடம் மறுபடி திறக்கும். நினைவு தெளிவாக இருக்கிற வரை மேல் பிபி 80 முதல் 90 போதும். அவருக்கு வேண்டியது ரத்தமும் அறுவை அரங்கும்தான்.

விடக்கூடாத மூன்று சோதனைகள்

இவை மூன்றும் சேர்ந்து பத்து நிமிடம்கூட ஆகாது. செலவும் குறைவு. ஆனால் விட்டுப்போனால் ஈடு கட்ட முடியாது.

முதலாவது இசிஜி. தொப்புளுக்கு மேல் வலி, வயது நாற்பதைத் தாண்டியவர் அல்லது சர்க்கரை நோயாளி என்றால், வந்த 10 நிமிடத்துக்குள் எடுங்கள். இதயத்தின் அடிப்பக்கச் சுவரில் வரும் மாரடைப்பு, மேல்வயிற்று வலியும் வாந்தியுமாகவே வரும். லீட் 2, 3, ஏவிஎஃப் மூன்றிலும் எஸ்டி எனப்படும் கோட்டுப்பகுதி உயர்ந்திருக்கும். ஒரு இசிஜி நார்மலாக இருந்து வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடத்தில் மறுபடி எடுங்கள். “ஜெலுசில் குடிச்சதும் கொஞ்சம் அடங்குச்சு” என்பது இதயத்தை விலக்கிவிடுவதற்கான சான்று ஆகாது.

இரண்டாவது சர்க்கரை. வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக இழுத்து விடும் மூச்சு மூன்றும் சேர்ந்த இளம்பிள்ளைக்குச் சர்க்கரை 400 காட்டினால், கீட்டோன் பார்க்காமல் சர்ஜனைக் கூப்பிட வேண்டாம். கீட்டோஅசிடோசிஸில் (இன்சுலின் குறைவால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் நிலை) வயிறு உண்மையாகவே வலிக்கும், தொட்டால் நோகும். அமிலம் சரியாகும்போது வலியும் போய்விடும். சரியான பிறகும் வலி தொடர்ந்தால், அந்த அசிடோசிஸைத் தூண்டிவிட்ட நோய் வயிற்றுக்குள் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

மூன்றாவது கர்ப்பச் சோதனை. பூப்படைந்த பெண் முதல் மாதவிடாய் முற்றிலும் நின்றிராத பெண் வரை, அடிவயிற்று வலியோ மயக்கமோ என்று வந்தால் கட்டாயம். இதில் கேள்வி கேட்கும் விதம் முக்கியம். மாமியார், கணவர், அம்மா எல்லோரும் சூழ நிற்கும்போது கேட்டால் சரியான பதில் வராது. திரையை இழுத்துவிட்டு, செவிலியர் ஒருவர் மட்டும் அருகில் இருக்க, “தலைக்குக் குளிச்சு எத்தனை நாள் ஆச்சும்மா? எப்பவும் போல வந்துச்சா, இல்ல கொஞ்சமா பட்டுச்சா?” என்று கேளுங்கள். இரண்டாவது பகுதியை விட்டுவிடாதீர்கள். கருக்குழாயில் தங்கிய கருவால் வரும் சொட்டு ரத்தத்தைப் பலர் மாதவிடாய் என்றே எண்ணியிருப்பார்கள். திருமணம் ஆகவில்லை என்பதாலோ, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது என்பதாலோ இந்தச் சோதனையை விடக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு அபூர்வமாகக் கரு தரித்தால் அது குழாயில் தங்கும் வாய்ப்பு அதிகம். சிறுநீர் வரவில்லை என்றால் கதீட்டர் போட்டாவது எடுங்கள். கார்டில் இரண்டு கோடு, படுத்தால் தோள்பட்டையில் வலி, எழுந்து உட்கார்ந்தால் கண் இருட்டுகிறது: உதரவிதானத்துக்கு அடியில் ரத்தம் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரை அழையுங்கள். இவரை சிடி ஸ்கேன் அறைக்கு அனுப்பக் கூடாது. படுக்கை அருகிலேயே அல்ட்ராசவுண்டில் கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே கறுப்புப் பட்டை தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

கதை கேட்பது

நோயாளி சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். ‘முறுக்குது’ என்பது விட்டுவிட்டு வரும் குடல் வலி. ‘பிசையுது’, ‘எரியுது’, ‘சுருக்குனு குத்துது’, ‘கனமா இருக்கு’ ஒவ்வொன்றும் வேறு. எல்லாவற்றையும் ‘பெயின் அப்டமன்’ என்று ஒரே வரியாக்கினால் பாதித் தகவல் போய்விடும்.

வலி எப்படித் தொடங்கியது என்பதுதான் அதிகம் சொல்லித்தரும் கேள்வி. “வலி வந்த நேரம் ஞாபகம் இருக்கா? அப்ப என்ன செஞ்சுட்டிருந்தீங்க?” என்று கேளுங்கள். “எட்டு மணிச் செய்தி பார்த்துட்டிருந்தேன், பொட்டுனு வந்துச்சு” என்று நிமிடக் கணக்கில் சொல்கிறவருக்கு ஏதோ ஒன்று வெடித்திருக்கலாம், முறுக்கியிருக்கலாம், அடைத்திருக்கலாம். குடல் ஓட்டை, மகாதமனி வெடிப்பு, கருக்குழாய் வெடிப்பு, சூலக முறுக்கு, குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பு எல்லாம் இந்த வகை. மணிக்கணக்கில் மெல்ல ஏறுவது அழற்சியின் இயல்பு.

அடுத்தது, வலி இடம் மாறியதா? தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கிச் சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றில் கூர்மையாக நிலைத்தால் குடல்வால் அழற்சி. இதில் வலி முதலில் வரும், வாந்தி பிறகு வரும். வாந்தியும் பேதியும் முந்தி வந்து வலி பின்னால் வந்தால் இரைப்பைக் குடல் அழற்சியின் பக்கம் கொஞ்சம் சாயலாம். முதுகுக்கு ஓடி, முன்னே குனிந்தால் சற்றுக் குறைவது கணையம். விலாப் பின்புறத்திலிருந்து தொடை இடுக்குக்கு இறங்குவது சிறுநீரகக் கல். ஆனால் அறுபதைத் தாண்டிய, புகைபிடிக்கும் ஆணுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ‘கல் வலி’ வந்தால் மகாதமனியை அல்ட்ராசவுண்டில் பார்க்காமல் அந்தப் பெயரை எழுதக் கூடாது.

“காத்து பிரியுதா? வெளிக்குப் போனீங்களா?” வாந்தி, வயிறு உப்பல், முறுக்கு வலி, காற்றும் மலமும் நின்றுபோனது நான்கும் சேர்ந்தால் குடல் அடைப்பு. பழைய ஆபரேஷன் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

மருந்துகளில் முதலில் கேட்க வேண்டியது மூட்டுவலி மாத்திரை. “மாத்திரை எதுவும் போடுறதில்ல” என்பவரே, “கை கால் குடைச்சலுக்கு?” என்று கேட்டால் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கைச் சொல்வார். மாதக்கணக்கில் அது போடுகிறவருக்கும், குடிப்பவருக்கும் திடீர் மேல்வயிற்று வலி என்றால் முதலில் இரைப்பை ஓட்டையை நினையுங்கள். விழுந்தது, அடிபட்டது பற்றியும் கேளுங்கள். வண்டியிலிருந்து விழுந்து சில நாள் கழித்து மண்ணீரல் வெடிப்பதுண்டு.

கை வைப்பது

மார்க்காம்பு முதல் நடுத்தொடை வரை திறந்து பார்க்க வேண்டும். வேட்டியை இறக்காமல், பாவாடை நாடாவைத் தளர்த்தாமல் பரிசோதித்தால் தொடை இடுக்கில் மாட்டிய ஹெர்னியா தெரியவே தெரியாது. “குடல் இறங்கியிருக்கு” என்று அவர்களாகச் சொல்வது அபூர்வம். சிறுவர்களும் இளைஞர்களும் விதைப்பை வலியை வெட்கப்பட்டு ‘அடிவயிறு’ என்றே சொல்வார்கள். விதை முறுக்கிக்கொண்டால் 6 மணி நேரத்துக்குள் பிரித்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும். அதனால் அடிவயிற்று வலியோடு வரும் எந்த ஆண்பிள்ளைக்கும் விதைப்பையைப் பார்த்தே ஆக வேண்டும்.

கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். “எங்க ரொம்ப வலிக்குதோ அங்க ஒரு விரலால காட்டுங்க” என்று கேட்டு, அந்த இடத்துக்கு எதிர்மூலையிலிருந்து தொடங்குங்கள். உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, விரல்களின் பரப்பால் மெல்ல அழுத்துங்கள். கண் முகத்தின் மேல் இருக்கட்டும். கையை அழுத்திப் பொசுக்கென்று எடுத்துப் பார்க்கும் பழைய முறை தேவையில்லை, அது நோயாளியைத் துடிக்க வைக்கும். இருமச் சொல்லுங்கள், அல்லது விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். அதிலேயே வலி கூர்மையாக வந்தால் பெரிட்டோனியம் பாதிக்கப்பட்டிருக்கிறது. தசை விறைத்திருக்கிறதா, பயத்தில் இறுக்குகிறாரா என்ற குழப்பம் வந்தால் பேச்சுக்கொடுத்துக்கொண்டே, மூச்சை வெளியே விடும் நேரத்தில் அழுத்துங்கள். பயத்தில் இறுக்கியவருக்கு அந்த நொடியில் வயிறு இளகும். ஓட்டை விழுந்தவரின் வயிறு பலகை போலவே நிற்கும்.

குடல்வாலுக்கு, வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு இழுத்து, எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அழுத்துங்கள். பித்தப்பைக்கு, வலது விலா விளிம்புக்கு அடியில் விரல்களை வைத்து ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னால் பாதியில் மூச்சு நின்றுபோகும். வலது விலாவில் கல்லீரல் மேல் தட்டும்போது மந்த ஒலிக்குப் பதில் டங்கென்று காற்று ஒலி கேட்டால் ஓட்டையை நினையுங்கள். கடைசியாகத் தலையை மட்டும் தூக்கச் சொல்லி மறுபடி அழுத்துங்கள். வலி கூடினால் அது தசைச்சுவரின் வலியாக இருக்கலாம். ஒரு பக்கமாகப் பட்டை போல எரிகிறது, தோலைத் தொட்டாலே கூசுகிறது என்றால் அக்கி. கொப்புளம் வர ஓரிரு நாள் ஆகும்.

இரைப்பை ஓட்டையில் ஒரு ஏமாற்று வேளை உண்டு. முதல் சில மணி நேரத் துடிப்புக்குப் பிறகு அமிலம் நீர்த்து, வலி குறைந்ததுபோல் இருக்கும். “இப்ப பரவாயில்ல சார், வீட்டுக்குப் போறேன்” என்பார். பல்ஸ் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த வேளையில் அனுப்பிவிட்டால் அடுத்த நாள் செப்சிஸோடு (உடல் முழுக்கப் பரவிய தொற்று) திரும்புவார்.

வயிறு பேசாத நோயாளிகள்

முதியவர், பல ஆண்டு சர்க்கரை நோயாளி, ஸ்டீராய்டு எடுப்பவர் ஆகியோருக்குக் காய்ச்சல் வராது, விறைப்பு வராது, வெள்ளணுக்களும் ஏறாமல் இருக்கலாம். எழுபது வயதுப் பாட்டி “சாப்பிடப் பிடிக்கல, வயிறு ஒரு மாதிரியா இருக்கு” என்று சொன்னாலே சிடி வரை போகலாம். நாடித்துடிப்பு ஒழுங்கற்று ஓடும் முதியவர் வலியால் கதறுகிறார், ஆனால் வயிற்றை அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது என்றால், குடலின் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது. வயிறு விறைக்கும் வரை காத்திருந்தால் குடல் செத்திருக்கும்.

நம் ஊரில் கட்டாயம் நினைவில் இருக்க வேண்டியது கட்டுவிரியன். இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று வருவார். கடித்தது தெரிந்திருக்காது, பல்தடமும் வீக்கமும் இருக்காது, 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையும் சரியாகவே இருக்கும். இமைகளைப் பாருங்கள். “மேல பாருங்க” என்று சொல்லி அரை நிமிடம் வைத்திருங்கள், இமை சரிகிறதா? தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா? ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார்? இவற்றில் ஒன்று தவறினாலும் பாம்பு விஷமுறிவு மருந்தும், செயற்கை சுவாசத்துக்கான ஏற்பாடும் தயாராக வேண்டும்.

டெங்கு காலத்தில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விட்ட வேளையில் வரும் விடாத வயிற்றுவலி ஒரு அபாய அறிகுறி. தட்டணுவைவிட ஹீமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுவதைப் பாருங்கள். குடிப்பழக்கம் உள்ள ஆணுக்குக் காய்ச்சலும் வலது விலா இடுக்கில் அழுத்தினால் வலியும் இருந்தால் கல்லீரல் சீழ்க்கட்டி. வீட்டில் சண்டை நடந்த மறுநாள் வாந்தியும் வலியுமாக வருபவரிடம் ஏதாவது குடித்தாரா, எலி பேஸ்ட் சாப்பிட்டாரா என்று தனியாக, கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். எலி பேஸ்ட் நஞ்சில் முதல்நாள் தொந்தரவு அடங்கி, ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றி, பிறகு கல்லீரல் செயலிழக்கும்.

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தை பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை காலை மடக்கி வீறிட்டு அழுது, நடுவில் துவண்டு கிடந்தால் குடல் செருகல். இதைத்தான் குடலேற்றம் என்று எண்ணெய் போட்டு வழித்துவிட்டு, தொக்கம் எடுத்துவிட்டு, நேரம் கடந்து கொண்டுவருகிறார்கள். ரத்தமும் சளியும் கலந்த மலம் தாமதமாகத்தான் வரும். அதற்குக் காத்திராமல் அல்ட்ராசவுண்டுக்கு அனுப்புங்கள்.

வலி மருந்தும் படமும்

‘சர்ஜன் பார்க்கும் வரை வலி ஊசி போடாதே’ என்ற வழக்கத்தை விட்டுவிடலாம். வலி அடங்கியவரின் வயிற்றைத்தான் நன்றாகப் பரிசோதிக்க முடியும். அளவாகக் கொடுத்த மருந்து நோயை மறைப்பதில்லை. பாராசிட்டமால் 1 கிராம் நரம்பு வழியாக, போதாவிட்டால் மார்ஃபின் 2 முதல் 3 மி.கி. மெதுவாக, 5 நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சையும் பிபியையும் பார்த்துத் தேவைக்கேற்ப. மொத்த அளவு கிலோவுக்கு 0.1 மி.கி. என்ற கணக்கு. டைக்ளோஃபெனாக் சிறுநீரகக் கல்லுக்கு நல்ல மருந்து. அல்சர், ரத்தக் கசிவு, சிறுநீரகக் கோளாறு, தாழ்ந்த பிபி இருப்பவருக்கு அதைத் தொடக் கூடாது. மருந்து கொடுப்பதற்கு முன் பார்த்ததை நேரத்தோடு எழுதிவைத்துவிடுங்கள்.

வாய்வழி எதுவும் வேண்டாம். அடைப்போ ஓட்டையோ என்றால் ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போடும் குழாய்), சிறுநீர்க் கதீட்டர். மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லியாவது சிறுநீர் வர வேண்டும். பெரிட்டோனியத்தில் தொற்று என்று தோன்றினால் முதல் ஆன்டிபயாட்டிக்கை ஸ்கேனுக்காகத் தாமதிக்க வேண்டாம்.

ஓட்டைக்கு நின்ற நிலை மார்பு எக்ஸ்ரே. இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, படுத்திருந்தவரைத் தூக்கி நிறுத்தி உடனே எடுப்பது. காற்று மேலே ஏற வேண்டும். பத்து நிமிடம் நிமிர்த்தி உட்கார வைத்த பிறகு எடுங்கள். உட்காரவே முடியாதவருக்கு இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து எடுக்கலாம். உதரவிதானத்துக்கு அடியில் பிறை தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. தெரியாவிட்டால் ஓட்டை இல்லை என்று ஆகாது, சிடிதான் சொல்லும். இதேபோல் அமிலேஸ் நார்மல் எல்லையைப் போல மூன்று மடங்கு ஏறினால்தான் கணைய அழற்சிக்கு எடை கூடும். லேசாக ஏறுவது ஓட்டையிலும் குடல் அடைப்பிலும் நடக்கும்.

சர்ஜனுக்குப் போன்

“வயித்துவலி கேஸ் ஒண்ணு வந்திருக்கு சார்” என்று தொடங்கினால் மறுமுனையில் அவசரம் புரியாது. இப்படிச் சொல்லுங்கள்:

“சார், கேஷுவாலிட்டியிலிருந்து ஹவுஸ் சர்ஜன் பேசுறேன். 52 வயசு ஆண், ஓட்டை விழுந்திருக்குன்னு நினைக்கிறேன். நாலு மணி நேரமா மேல்வயித்து வலி, சட்டுனு ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு மாசமா மூட்டுவலி மாத்திரை. பல்ஸ் 118, பிபி 100/70, வயிறு முழுக்க விறைப்பு. இசிஜி நார்மல். எக்ஸ்ரேயில வலது பக்கம் உதரவிதானத்துக்கு கீழ காத்து தெரியுது. ரெண்டு லைன் போட்டு ஆர்.எல். ஒரு லிட்டர் போயிருக்கு, ரைல்ஸ் ட்யூப், ஆன்டிபயாட்டிக் ஆச்சு. நீங்க இப்பவே வந்து பார்க்கணும்.”

வீட்டுக்கு அனுப்பும்போது

எல்லாம் பார்த்தும் காரணம் தெரியவில்லை என்றால் ‘காரணம் உறுதியாகாத வயிற்றுவலி’ என்றே எழுதுங்கள். ‘கேஸ்ட்ரைடிஸ்’ என்று எழுதினால் அடுத்துப் பார்க்கும் மருத்துவரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார். அனுப்பும் முன் நான்கு முதல் ஆறு மணி நேரம் வைத்திருந்து, முடிந்தவரை முதலில் தொட்ட அதே ஆளே மறுபடி கை வைத்துப் பார்க்க வேண்டும். வலியின்றி நடக்கிறார், குடித்த தண்ணீர் வாந்தியாகாமல் நிற்கிறது, பல்ஸ் இறங்கியிருக்கிறது என்றால் அனுப்பலாம்.

சீட்டில் தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக்கொடுங்கள்: வலி கூடினால், வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தால், காய்ச்சல், நிற்காத வாந்தி, மயக்கம், கறுப்பு மலம், காற்று பிரியாமை என்று எது வந்தாலும் உடனே திரும்ப வேண்டும், வண்டி இல்லாவிட்டால் 108. எதுவும் இல்லாவிட்டாலும் 12 மணி நேரத்தில் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். சீட்டைப் படித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வீடு எங்கே, கூட யார் இருப்பார்கள் என்றும் கேளுங்கள். தனியாக இருக்கும் முதியவர், மலைக்கிராமத்துக்காரர், ஊருக்குக் கடைசி பஸ் போய்விட்டது என்பவர் ஆகியோரை விடியும் வரை அப்சர்வேஷன் வார்டிலேயே வைத்திருங்கள்.